மலை மேல் ஒரு கேம் கம்பெனி வேலை: முதல் 90 நாட்களுக்கான முழு வழிகாட்டி

குன்னூரில் 1963-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. என் பெரியப்பா அங்கே ஒரு புரோக்கர் ஆபீசில் டீ டேஸ்டருக்கு உதவியாளராக இருந்தவர். சின்ன வயதில் ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நீள மேசை முழுக்க வெள்ளைக் கோப்பைகள். டேஸ்டர் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்து 'சுர்'ரென்று உறிஞ்சுவார், வாயில் சுழற்றுவார், துப்புவார், ஒரு வார்த்தை சொல்வார். பெரியப்பா எழுதிக்கொள்வார். அடுத்த கோப்பை. "இத்தனை டீ குடிச்சா ராத்திரி தூக்கம் வராதே பெரியப்பா?" என்று கேட்டேன். "குடிக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? சொல்றதுக்குக் கண்ணு" என்றார்.

பல வருடம் கழித்து கேம் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தபோதுதான் அந்தப் பதில் எனக்கு முழுதாகப் புரிந்தது. 'கேம் ஆடச் சம்பளமா!' என்று ஊரே பொறாமைப்பட்டது. ஆடிய நேரத்தைவிட, ஆடியதை எழுதிய நேரம்தான் அதிகம். இந்த வேலையில் காலூன்றுகிறவர்கள் நன்றாக ஆடுகிறவர்கள் இல்லை. பார்த்ததை, பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர்கள். கீழே இருக்கும் எல்லாப் படிகளும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

நீலகிரியில் சிறிய ஆபீசிலோ, பெரிய ஸ்டுடியோவுக்காக வீட்டிலிருந்தோ வேலை செய்ய வருகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். டெஸ்டிங்தான் நான் அறிந்தது என்பதால் உதாரணங்கள் அங்கிருந்து வரும். ஆர்ட், லெவல் டிசைன், பிளேயர் சப்போர்ட் பக்கம் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: ஆஃபர் கடிதம் வந்ததும் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: இது எந்த மாதிரி கேம்? நம் நாட்டில் 'கேமிங் கம்பெனி' என்ற பெயரில் பல வருடம் ரம்மியும் ஃபேன்டசி கிரிக்கெட்டும் ஓடின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. பணப்பந்தயம் இல்லாத கேம்களும் இ-ஸ்போர்ட்ஸும் அதில் அடங்காது. ஆகவே கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, பொண்ணு பார்க்கப் போனால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதில்லையா?

இரண்டாவது, வேலை நிரந்தரமா, ஒரு ப்ராஜெக்ட் முடியும்வரையா? டெஸ்டிங்கில் ஒப்பந்த வேலை அதிகம். கேம் வெளியானதும் குழுவைக் கலைப்பது இந்தத் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். ஒப்பந்தம் என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்தே சேருங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஷிப்ட் எந்த ஊர் நேரத்துக்கு? இரவு ஷிப்ட் என்றால் வீடுவரை வண்டி உண்டா? சமவெளியில் இது வசதிக்கான கேள்வி. இங்கே வேறு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இரவில் காட்டெருமை தெருவில் நிற்கும், கரடி கடைப் பக்கம் வரும், சிறுத்தையும் உண்டு. 'பக்கம்தானே, நடந்துடலாம்' என்பது பகலுக்கான வாக்கியம். வண்டி தருவார்கள் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் மெயிலில் வாங்கி வையுங்கள்.

படி 2: வீடும் வயரும்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறும் இடம் இது. ஏப்ரல், மே மாதங்களில் வந்து வீடு பார்ப்பார்கள். இளவெயில், பூ, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். நவம்பரில் சுவரில் பூஞ்சை பூக்கும்.

எனவே வீடு பார்க்கும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், வெயிலைப் பாருங்கள். காலை வெயில் எந்த அறையில் விழுகிறது என்று கேளுங்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். சுவரின் அடிப்பாகத்தில் பெயின்ட் உப்பி இருக்கிறதா? புதிதாக ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவர்தான் ஒழுகும் சுவர். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்காது. சீசனில் டூரிஸ்டுக்கு விட வேண்டும் என்று மார்ச் கடைசியில் காலி செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. 11 மாத ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், குன்னூர் ஏறக்குறைய 1,850. இந்த இடைவெளியைக் குளிரில் உணர்வீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும். மழையும் ஒரே மாதிரி இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவம்தான் கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவம்தான் கனம். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழி, அதுவும் போனால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். வார இறுதியில் கீழே ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை ஏறி வரும் திட்டம் மழைமாதத்தில் வேண்டாம். ஞாயிறு மதியமே வந்துவிடுங்கள். மலை ரயிலை நம்பி வேலைக்கு வருகிற எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். அது சுற்றிப் பார்க்கிறவர்களுக்கான அருமையான ரயில்.

சரி, வயருக்கு வருவோம். வீட்டிலிருந்து வேலை என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். கேமின் அன்றாட வடிவத்தை 'பில்டு' என்போம். பெரிய கேமின் பில்டு 60 ஜி.பி. இருப்பது சாதாரணம். நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் அதை இறக்க 2 மணி 40 நிமிடம். 20 மெகாபிட் என்றால் 6 மணி 40 நிமிடம், ஷிப்ட் பெரும்பாலும் முடிந்துவிடும். எனவே ஃபைபர் இணைப்பு ஒன்று, வேறு கம்பெனியின் மொபைல் டேட்டா ஒன்று. இரண்டும் வேண்டும், ஏனென்றால் காற்றுக் காலத்தில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் கரண்டும் கேபிளும் சேர்ந்தே போகும். யூ.பி.எஸ். வாங்கும்போது கம்ப்யூட்டரோடு ரூட்டரையும் அதில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டு நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: குளிரில் கிடந்த கன்சோலை (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியை) ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் வியர்க்கும். அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

வெளி மாவட்டப் பதிவு எண் உள்ள வண்டியென்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு என்பது நினைவிருக்கட்டும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுடன் வந்தால் செக்போஸ்டிலேயே பறிபோகும்.

படி 3: முதல் நாள்

கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் என்.டி.ஏ., அதாவது ரகசிய ஒப்பந்தத்தை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். வெளிவராத கேமின் பெயரைக்கூட வெளியே சொல்லக்கூடாது என்று இருக்கும். மனைவியிடம், தம்பியிடம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், எங்கும். மானிட்டருக்கு முன் செல்ஃபி எடுத்துப் பின்னணியில் ஒரு கதாபாத்திரம் தெரிந்ததால் வேலை போனவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. போனை வெளியே லாக்கரில் வைக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

வீட்டில் 'என்ன கேம்?' என்று துளைப்பார்கள். 'இன்னும் வரல, வந்ததும் சொல்றேன்' என்று நிறுத்துங்கள். 'இந்தக் குளிரில் கேமுக்கு என்ன வேலை?' என்று கேட்கும் மாமாவுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பிறந்தாலும், அதற்கு விதிகளை எழுதி ஒட்டியது 1880-களில் ஊட்டி கிளப்பில்தான். ஆட்டத்துக்கு விதி எழுதும் தொழில் இந்த மலைக்குப் புதிதில்லை மாமா.

கூப்பிடுவது எப்படி என்ற குழப்பம் வரும். வெளிநாட்டு ஸ்டுடியோ ஆட்களை எவ்வளவு பெரியவராக இருந்தாலும் முதல் பெயரால்தான் கூப்பிட வேண்டும். 'சார்' போட்டால் அவர்களுக்குச் சங்கடம். உள்ளே அப்படி இல்லை. எங்கள் ஆபீசில் லீடை, அதாவது குழுத் தலைவரை, 'அக்கா' என்போம், செக்யூரிட்டி 'அண்ணா', ஓனர் மட்டும் 'சார்'. இரண்டு நாள் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு அதன்படி போங்கள். ஊர் சின்னது. லீடை ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கேரட் வாங்கும்போது பார்ப்பீர்கள். அப்போது வணக்கம் சொல்லுங்கள், பில்டு பற்றிப் பேசாதீர்கள்.

படி 4: முதல் வாரம், வாயைவிடக் காதுக்கு வேலை

ஒரு நோட்டு வாங்குங்கள், காகித நோட்டு. புரியாத ஒவ்வொரு வார்த்தையையும் எழுதுங்கள். காலை ஸ்டாண்டப் கூட்டத்திலேயே பத்து வார்த்தை சேரும். மாலையில் பக்கத்து சீட்டில் கேட்டு நிரப்புங்கள். முதல் இரண்டு வாரம் என்ன கேட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். மூன்றாம் மாதம் அதே கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள், நியாயம்தானே.

சில வார்த்தைகளை நானே தருகிறேன். கேமில் இருக்க வேண்டிய அம்சங்கள் எல்லாம் எப்படியோ வந்துவிட்ட கட்டம் ஆல்ஃபா. எல்லாப் பொருளும் உள்ளே வந்து, இனி பிழை திருத்தம் மட்டும் என்ற கட்டம் பீட்டா. கடைக்குப் போகத் தயாரான இறுதி வடிவம் கோல்டு. இவற்றின் எல்லை ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ கொஞ்சம் நகரும், அதனால் 'நம்ம ப்ராஜெக்ட்ல ஆல்ஃபான்னா என்ன?' என்று கேட்டுவிடுங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு படத்தை வரைய கன்சோலுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி, 30 ஃப்ரேம் என்றால் 33.3. புரோகிராமர்கள் ஏன் ஒரு மில்லி நொடிக்குச் சண்டை போடுகிறார்கள் என்று இப்போது தெரியும்.

ஆர்ட்டிலோ லெவல் டிசைனிலோ சேர்ந்திருந்தால் பெர்ஃபோர்ஸ் மாதிரி ஒரு மென்பொருளில் ஃபைல்களை எடுத்து வேலை செய்வீர்கள். ஃபைலை உங்கள் பெயரில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போன மாதிரிதான், மறுநாள் வரை மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள்.

படி 5: பக் எழுதக் கற்றுக்கொள்வது

பக் என்றால் கேமில் இருக்கும் பிழை. அதை எழுதுவதுதான் வேலையே, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

என் இரண்டாம் வாரம். ஒரு பாலத்தில் கேம் நின்றுபோனது. திரையில் ஒரு செய்தி, அதை மூட முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. பிழைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா என்ற மென்பொருளில் உற்சாகமாக ஒரு டிக்கெட், அதாவது புகார்க் குறிப்பு, போட்டேன்: 'பாலத்தில் கேம் சில சமயம் ஹேங் ஆகிறது.' மறுநாள் 'மேலும் விவரம் தேவை' என்று திரும்பி வந்தது. பாலத்துக்கு முப்பது தடவை போனேன், நடக்கவில்லை. 'மிகவும் மோசமான ஹேங், தயவுசெய்து பார்க்கவும்' என்று சேர்த்து எழுதினேன். 'எங்களுக்கு வரவில்லை' என்று மூடியே விட்டார்கள். எனக்கு அழுகை வராத குறை.

லீட் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு மணி என்ன?"

"நாலு, நாலேகால் இருக்கும்க்கா."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. டீ குடிக்கப் போனேன்."

"அதை ஏன் எழுதல?"

எங்கள் ஆபீசில் நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் வரும். நான் கன்ட்ரோலரைப் பாலத்தின்மேல் நின்ற நிலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பத்து நிமிடத்தில் அது தானாக அணைந்திருக்கிறது. திரும்பி வந்து பட்டனை அழுத்தியதும் மறுபடி இணைந்திருக்கிறது. அந்த இணைப்பில்தான் கோளாறு. முப்பது தடவையும் நான் டீ குடிக்காமல் ஆடியதால் அது வரவே இல்லை.

அன்று மாலை நாங்கள் திருத்தி எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும். உண்மையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், வடிவம் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

தலைப்பு: இரண்டாம் அத்தியாயம், பாலம்: கன்ட்ரோலர் தானாக அணைந்து மீண்டும் இணைந்தபின் அறிவிப்பு மூடுவதில்லை, ஆட்டத்தைத் தொடர முடிவதில்லை.
பில்டு எண், கன்சோல் வகை.
செய்முறை:
1. இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கிப் பாலத்தின் நடுவில் நிற்கவும்.
2. கன்ட்ரோலர் தானாக அணையும்வரை தொடாமல் விடவும் (அணையும் நேரம் 10 நிமிடம் என்று வைக்கப்பட்டுள்ளது).
3. 'கன்ட்ரோலரை இணைக்கவும்' என்ற அறிவிப்பு வந்தபின், அதே கன்ட்ரோலரை ஆன் செய்யவும்.
4. அறிவிப்பை மூட முயலவும்.
நடப்பது: அறிவிப்பு மூடுவதில்லை. கேமை வெளியேறித் திரும்பத் தொடங்கினால்தான் சரியாகிறது.
நடக்க வேண்டியது: அறிவிப்பு மூடி, விட்ட இடத்தில் ஆட்டம் தொடர வேண்டும்.
எத்தனை முறை: 10-க்கு 10. கன்ட்ரோலரைக் கையால் அணைத்தால் 10-க்கு 0.
வீடியோ இணைப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'கையால் அணைத்தால் 10-க்கு 0' என்ற அந்த அரை வரி. எங்கே வருகிறது என்று மட்டும் சொல்லாமல், எங்கே வரவில்லை என்றும் சொல்கிறது. புரோகிராமருக்குத் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். அன்று இரவே திருத்திவிட்டார்கள்.

அது சின்ன பக் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கன்சோலில் ஒரு கேம் வெளிவர வேண்டுமானால் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஒவ்வொன்றும் தங்கள் விதிப்பட்டியலை வைத்துச் சோதிக்கும். நிண்டெண்டோவின் சோதனைக்கு 'லாட்செக்' என்றே பெயர். கன்ட்ரோலர் துண்டித்தால் கேம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அங்கே கட்டாயம் பார்க்கிற விஷயம். தோற்றால் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும், வெளியீட்டுத் தேதியே தள்ளிப் போகலாம். அதனால் ஆடும்போது அழகாக ஆடாதீர்கள். கேபிளைப் பிடுங்குங்கள், சேவ் ஆகும்போது மெனுவைத் திறங்கள், சுவரோடு சுவராக உரசிக்கொண்டே நடங்கள், நெட்டை அணையுங்கள். குழந்தையிடம் கொடுத்தால் என்ன செய்யுமோ அதைச் செய்யுங்கள்.

'சில சமயம்', 'ஒரு மாதிரி', 'ரொம்ப' ஆகிய மூன்றையும் டிக்கெட்டிலிருந்து ஒழியுங்கள். சில சமயம் என்றால் எத்தனைக்கு எத்தனை? ஃப்ரேம் ரேட் குறைகிறது என்றால் எந்த இடத்தில், எவ்வளவுக்கு? பெரியப்பாவின் டேஸ்டர் 'நல்லா இல்லை' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கருகல், புகை வாடை, சாயம் கம்மி என்று சொல்வார். கேட்கிற ஃபேக்டரிக்காரருக்கு எந்த மெஷினைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கடுமை வேறு, அவசரம் வேறு என்பதும் ஆரம்பத்தில் குழப்பும். மூலையில் ஒரு குகைக்குள் நூற்றில் ஒருவர் போகிற இடத்தில் கேம் நின்றுபோவது கடுமையான பக், அவசரம் குறைவாக இருக்கலாம். முதல் திரையில் கேமின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பது யாரையும் தடுக்காத பக், ஆனால் இன்றே திருத்த வேண்டும். கடுமையை நீங்கள் குறியுங்கள். அவசரத்தை ப்ரொட்யூசர் முடிவு செய்வார். அதில் வாதாட வேண்டாம்.

டிக்கெட் நிராகரிக்கப்படும்போது மனது சுருங்கும். 'ஏற்கெனவே உள்ளது' என்று வந்தால் எழுதுவதற்கு முன் தேடவில்லை என்று அர்த்தம், தவறு உங்களுடையது. 'வடிவமைப்பே அப்படித்தான்' என்றால் டிசைன் ஆவணத்தைப் படிக்கவில்லை. 'திருத்தப் போவதில்லை' என்றால் உங்கள் தவறு ஏதுமில்லை, நாள் போதவில்லை. 'எங்களுக்கு வரவில்லை' என்பது மட்டும்தான் சவால். அப்போது டீ குடித்தீர்களா என்று யோசியுங்கள்.

படி 6: கடிகாரம்

கலிஃபோர்னியாவில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்தத் திங்கட்கிழமை யாராவது ஒருவர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தப்பாக வருவார், அது நீங்களாக இருக்க வேண்டாம். லண்டன் நமக்குப் பின்னால், கோடையில் 4:30 மணி நேரம், குளிரில் 5:30. டோக்கியோ 3:30 முன்னால், அவர்களுடைய காலை 10 மணிக் கூட்டத்துக்கு நாம் 6:30-க்கே குல்லாவோடு உட்கார வேண்டும்.

நேர வித்தியாசத்தின் உண்மையான விலை தூக்கம் மட்டும் இல்லை. நீங்கள் அரைகுறையாக எழுதிய ஒரு கேள்விக்கு 'எதைச் சொல்கிறீர்கள்?' என்று பதில் வரும்போது ஒரு நாள் போயிருக்கும். நீங்கள் விளக்கி, அவர் பதில் சொல்லி, மூன்று நாள். அதனால் ஷிப்ட் முடியும்முன் கடைசி அரை மணி நேரத்தைக் கைமாற்றுக் குறிப்பு எழுத ஒதுக்குங்கள். இன்று பார்த்தது, முடியாதது, நாளை உங்கள் பதில் இல்லாமல் நான் எங்கே நிற்பேன் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று மட்டும் முடிக்காதீர்கள். பழைய ஆங்கிலேயர் வழக்காக வந்து நம் ஊர் ஆபீஸ்களில் நிலைத்துவிட்ட அந்த வாக்கியத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கனடாக்காரர் இரண்டு நாள் சும்மா இருந்தார்.

வீடியோ காலில் புரியாததற்கெல்லாம் தலையை ஆட்டும் பழக்கத்தையும் கவனியுங்கள். நம் தலையாட்டல் அவர்களுக்கு 'முடியாது' என்று தெரிவதும் உண்டு. வாயைத் திறந்து 'புரிந்தது' அல்லது 'இன்னொரு தடவை சொல்லுங்கள்'.

படி 7: உடம்பு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவரா நீங்கள்? அப்படியானால் முதல் ஆள் பார்வையில் ஓடும் ஷூட்டர் கேமும், வி.ஆரும் உங்களுக்குத் தலை சுற்றலாம். பஸ்ஸில் உடம்பு அசைய, கண் அசையாத புத்தகத்தைப் பார்க்கிறது. கேமில் கண் ஓட, உடம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டிலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் ஒத்துப்போகவில்லை. வெட்கப்படாமல் லீடிடம் முதல் வாரமே சொல்லுங்கள். செட்டிங்ஸில் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, அசைவு மங்கலையும் கேமரா குலுங்கலையும் அணைத்தால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேறு கேமுக்கு மாற்றச் சொல்லலாம்.

குளிரில் விரல் விறைத்துப்போய் கன்ட்ரோலர் பிடிப்பது மணிக்கட்டுக்கு நல்லதில்லை. விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை மார்க்கெட்டில் கிடைக்கும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மூடுபனி இறங்கிய மதியங்களில் நேரமே தெரியாது, அலாரம் வையுங்கள்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை: கேம் கசந்துபோகும். ஒரே கதவை நானூறு தடவை திறந்தவருக்கு வீட்டில் போய்க் கேம் ஆட மனம் வராது. எனக்கு ஐந்தாம் மாதம் அது வந்தது. ஆறு மாதம் ஒன்றும் ஆடவில்லை. திரும்ப வந்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. இப்போதும் யாராவது ஆடுவதைப் பார்த்தால் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன்.

படி 8: கிரன்ச் வரும்போது

வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் இரவு பகலாக வேலை வாங்குவதற்குக் கிரன்ச் என்று பெயர். 2004-ல் அமெரிக்காவில் ஒரு கேம் ஊழியரின் துணைவி இதைப் பற்றி எழுதிய பகிரங்கக் கடிதம் பெரிய வழக்குகள்வரை போனது. அதற்குப் பிறகும் அது ஒழியவில்லை. விடுமுறைக் கால விற்பனைக்காகப் பல கேம்கள் அக்டோபர், நவம்பரில் வருவதால், நம் பக்கம் ஆடி ஆவணியில்தான் நெருக்கடி தொடங்கும். தீபாவளி லீவு சிக்கலாகும், அதை ஜூலையிலேயே எழுதிக் கொடுங்கள். டிசம்பர் கடைசியில் மேற்கத்திய ஸ்டுடியோக்கள் கிறிஸ்துமஸுக்கு மூடும். ஹெத்தையம்மன் பண்டிகையும் அதையொட்டி வருவதால், எங்கள் ஆபீசில் படகர் நண்பர்கள் வெள்ளை உடுத்திக் கிளம்பும்போது யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. அதற்குமேல் வேலைக்கு இரட்டை ஊதியம் என்றும் சொல்கிறது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனைக்குப் போனீர்கள் என்று அந்தக் காகித நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தால், ஆன்லைனில் உங்கள் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று மூன்றாம் மாதம் பாருங்கள். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் எட்டு மாதம் பிடித்த பணம் ஏறவே இல்லை, நான் பார்க்கவும் இல்லை.

படி 9: தொண்ணூறாம் நாள்

பயிற்சிக் காலம் முடியும்போது லீடோடு ஒரு சந்திப்பு இருக்கும். வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எழுதியதில் திருத்தப்பட்ட ஐந்து டிக்கெட், நிராகரிக்கப்பட்ட ஐந்து டிக்கெட் இரண்டையும் எடுத்துப் போங்கள். நிராகரிக்கப்பட்டவற்றில் என்ன தவறு என்று நீங்களே சொல்லுங்கள். நான் புதியவர்களை இப்போது அப்படித்தான் எடை போடுகிறேன். அடுத்து எந்தப் பக்கம் போக ஆசை என்பதையும் அன்று சொல்லிவிடுங்கள்: ஆட்டோமேஷனா, டிசைனா, ப்ரொடக்‌ஷனா. கேட்காதவருக்கு யாரும் இலை போட மாட்டார்கள்.

கூடவே கேட்க வேண்டியது கிரெடிட்ஸ். கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் வருமா? ஒப்பந்த டெஸ்டர்களின் பெயரை விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது பழைய மனக்குறைதான். அடாரி தன் கேம்களில் ஆக்கியவர் பெயரைப் போடாததால், வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்' கேமில் ஒரு ரகசிய அறை கட்டித் தன் பெயரை ஒளித்து வைத்தார். நமக்கு அந்த வசதி இல்லை, அதனால் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

வரும் என்று சொன்னால் ஒரு படிவம் அனுப்புவார்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். இங்கேதான் தமிழர்கள் மாட்டுகிறோம். நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஏதோ ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்து அப்படியே நிரப்புவோம். பட்டியல் போடுகிறவர் தனக்குத் தெரிந்த வழக்கப்படி வரிசையை மாற்றுவார். 'கிரெடிட்ஸில் இப்படியே வர வேண்டும்' என்று முழுப் பெயரையும் ஒரே வரியில் தனியாக எழுதி அனுப்புங்கள், இறுதி பில்டில் அந்தத் திரைவரை ஆடிப் பாருங்கள், பிழை இருந்தால் அதற்கும் ஒரு டிக்கெட் போடுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. நான் வேலை பார்த்த முதல் கேமின் கிரெடிட்ஸில் என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பாவின் பெயர் முழுதாக ஓடுகிறது. அப்பா கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்தப் படத்தைப் போனில் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்.